ஆகாத வருடத்தில் பேரீச்சம்பழ உருண்டை

1

எதையாவது புதிதாகப் பழகாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ரொறன்ரோவுக்குப் படிக்க வந்த முதல் பனிக்காலத்தில் ஐஸில் சறுக்கப் பழகினேன். சரியாகச் சொன்னால் விழப் பழகினேன். அடுத்த வருடம் மாவைப் புளிக்கவைத்து வீட்டில் பாண் சுட்டேன். அதை வெட்டக் கத்தி போதாமல் வாள் தேடினேன். பிறகு கொஞ்சக்காலம் பிரெஞ்சு. பிறகு மட்பாண்டம்.

இந்தச் சித்திரையில் பழகியது ஹரோசெத். யூதர்கள் பெசாக் என்கிற பண்டிகைக்குச் செய்வது. பைபிள் படித்தவர்களுக்குப் பாஸ்கா என்றால் விளங்கும். பழத்தையும் கொட்டைப் பருப்புகளையும் சேர்த்து அரைத்து, கறுவாப்பட்டைத் தூள் போட்டு, இனிப்பு வைன் விட்டுக் குழைத்த ஒரு பண்டம். எகிப்தில் அடிமைகளாக இருந்த காலத்தில் தங்கள் முன்னோர் கல் அடுக்கக் குழைத்த சாந்தை நினைத்துச் செய்கிறார்கள். சாந்தை நினைத்து ஓர் இனிப்பு! இதைக் கேட்ட பிறகு நான் சும்மா இருப்பேனா?

ஊரில் இருக்கிற உங்களுக்கு அதன் செய்முறையை எழுதுவோம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு வரி எழுதியதும் நின்றுவிட்டது. அம்மா சாப்பிடாமல் இருந்ததைச் சொல்லாமல் இந்த உருண்டையைச் சொல்ல முடியாது. ஆகவே அதிலிருந்தே வருகிறேன்.

2

அப்பா போன ஐப்பசி மழைக்குள் செத்துப்போனார். நெஞ்சுவலி என்று சொல்லிக் கதிரையில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை. நான் ஒரே பிள்ளை. என்னால் போக முடியவில்லை.

ஏன் போகவில்லை என்று ஊரில் சிலர் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். என் வேலை அனுமதி முடிந்து, அதை நீட்டக் கேட்டதும் நிரந்தர வதிவிட விண்ணப்பமும் நடுவில் நின்றன. நாட்டுக்குள் இருக்கும்வரை வேலை செய்யலாம், சிரிக்கலாம், வரி கட்டலாம். வெளியே காலை வைத்தால் திரும்ப விடுவார்களா என்று கேட்டால், "விடலாம், விடாமலும் இருக்கலாம்" என்பதுதான் எல்லோருடைய பதிலும். தொலைபேசியில் பேசிய அதிகாரி நல்ல பெண். "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

வேலையிடத்தில் மேலாளரிடம், "மை ஃபாதர் எக்ஸ்பயர்ட்" என்றேன். நம் ஊர் மரண அறிவித்தல்களில் படித்த ஆங்கிலம். காலாவதியான பால் பக்கெற்றைப் பார்ப்பது போல ஒரு கணம் பார்த்துவிட்டு, பிறகு முகம் மாறி, லீவு தந்தார். லீவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கட்டிலில் இருந்து செத்தவீட்டை வீடியோவில் பார்த்தேன். போனைப் பிடித்திருந்த ஆள் அழுதுகொண்டே பிடித்ததால் பெரும்பாலும் எனக்குத் தெரிந்தது மாமரத்தின் உச்சி. பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்தான்.

அதற்குப் பிறகு தினமும் அம்மாவோடு பேச்சு.

"சாப்பிட்டிட்டீங்களோ அம்மா?"

"ஓம் ஓம்."

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

"பாண்."

அம்மா ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர். ஒரு தரம் ஓம் என்றால் ஓம். இரண்டு தரம் ஓம் என்றால் இல்லை. அவருடைய கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைப் பக்கம் ஏறி இறங்குவதை வீடியோவில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நேரச் சாப்பாடு. அதுவும் நின்றபடி. இனிப்பு அடியோடு இல்லை. தேத்தண்ணிக்குக்கூடச் சீனி இல்லை. வருடம் திரும்பும்வரை கொண்டாட்டங்கள் இல்லை, பலகாரம் சுடுவதில்லை என்பது எங்கள் வழக்கம்தான். தேத்தண்ணியில் சீனி போடக்கூடாது என்று எந்த வழக்கமும் இல்லை. அதை அம்மா தானாகவே சேர்த்துக்கொண்டார்.

ஆனால் அம்மாதான் எங்கள் வீட்டின் இனிப்புப் பைத்தியம். அப்பா இல்லை.

3

வருடப்பிறப்புக்கு முந்திய வியாழக்கிழமை பின்னேரம் அஜக்ஸிலிருந்து சாந்தி அன்ரி வந்தார். ஊரில் எங்கள் பக்கத்து வீடு. இங்கே, நெடுஞ்சாலையில் வாகனம் நகர்ந்தால் ஒரு மணித்தியாலத் தூரம். நகராவிட்டால் கடவுளுக்குத்தான் தெரியும். நான் பதர்ஸ்ற் வீதிக்கு அருகே ஒரு வீட்டின் பேஸ்மன்டில் குடியிருக்கிறேன். அன்ரி பெரிய பிளாஸ்ரிக் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி படியில் இறங்கினார்.

"கெதியாக் கதவைத் திற பிள்ளை, கை உளையுது."

"என்ன அன்ரி உவ்வளவு?"

"சிப்பிப் பலகாரம், முறுக்கு, பயத்தம் உருண்டை. நீ இந்த வருசம் சட்டி வைக்கப்படாது. அப்ப நான்தானே கொண்டு வரவேணும்? பக்கத்து வீடு எண்டா பிறகென்ன?"

செத்தவீடு நடந்த வீட்டில் அந்த வருடம் பலகாரம் சுடமாட்டார்கள். அயலவர்கள் சுட்டுக்கொண்டுபோய்க் கொடுப்பார்கள். உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கடமையை அன்ரி நெடுஞ்சாலையில் இரண்டு மணித்தியாலம் ஊர்ந்து வந்து செய்தார். பின்னால் அவர் மகள் அபிரா, பதினாலு வயது, காதில் இயர்போன்.

"ஹாப்பி நியூ இயர் அக்கா! ஓ, வெயிற். யூ கான்ட், றைற்? ஸொறி. அம்மா, வட் டு ஐ சே?"

"ஒண்டும் சொல்லாதை. வாயை மூடிக்கொண்டு இரு."

"தற்ஸ் றூட்."

"றூட்டோ? உன்ர வயசில நான் கொண்டுபோய்க் குடுத்தனான், வாசல்ல நிண்டு ஒரு சத்தம் போடாமல்."

அபிரா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். ஆனால் போகும்போது, அம்மா பார்க்காத நேரம், என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்துவிட்டு ஓடினாள். எதைச் சொல்வது என்று தெரியாவிட்டாலும் எதைச் செய்வது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

4

மறுநாள் வெள்ளி. வீட்டிலிருந்து வேலை செய்கிற நாள். பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு கல்யாணவீட்டுக்குக் காணும். அப்போதுதான் எனக்கு அந்த மூளை வேலை செய்தது. மேலேயும் ஒரு செத்தவீடு அல்லவா?

மேலே வீட்டுக்காரி நயோமியும் அவள் கணவன் ஆரனும். இரண்டு பேருக்கும் நாற்பது வயது சுற்றிவரும். மாசியில் நயோமியின் அம்மா செத்துப்போனார். மொரோக்கோவில் பிறந்து, மொன்றியலுக்கு வந்து, பிறகு மகளோடு இங்கே இருந்தவர். அவர்களுடைய பெசாக் அடுத்தநாள் இரவு தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். இம்முறை எங்கள் வருடப்பிறப்பை ஒட்டி வந்திருந்தது. ஆக, பண்டிகை வருகிறது, வீட்டில் செத்தவீடு நடந்திருக்கிறது, பாவம் ஒன்றும் சுடமாட்டார்கள். நான்தானே அயல்?

பாதியை ஒரு தட்டத்தில் அடுக்கிக்கொண்டு மேலே போய் மணியை அடித்தேன். இனி வருவதில் நயோமியும் ஆரனும் ஆங்கிலத்தில் பேசினார்கள். நான் எனக்குக் கேட்ட தமிழில் எழுதுகிறேன். அவர்கள் யாழ்ப்பாணத்தார் மாதிரிக் கதைத்தால் குற்றம் என்னுடையது.

நயோமி தலையில் துணியும் கையில் ரப்பர் உறையுமாகக் கதவைத் திறந்தாள்.

"என்ன உது?"

"பலகாரம்."

"உதுக்குள்ள கோதுமை மா இருக்கோ?"

"ஓம்!" என்றேன் பெருமையோடு. "கோதுமை மா, அரிசி மா, பயறு மா, எல்லாம் இருக்கு."

அவள் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தாள். "தர்ஷி, உந்தப் படியைத் தாண்டாதை. அப்பிடியே நில். ஆரன்! ஓடி வா!"

ஆரன் துடைப்பத்தோடு ஓடி வந்தான். "என்ன, எலியோ?"

"இல்லை. மா."

எனக்கு முகம் விறைத்துப்போனது. செத்தவீட்டுக்காரி கையால் கொண்டுபோனதற்காக மறிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்? "எனக்குத் துடக்குக் கழிஞ்சுது நயோமி. முப்பத்தொண்டும் முடிஞ்சு எவ்வளவு நாள். அதோட இது நான் சுட்டதுமில்லை, அஜக்ஸில இருந்து வந்தது" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் செத்தவீட்டுத் தீட்டை விளக்கத் தொடங்கினேன். துடக்குக்கு ஆங்கிலம் கிடையாது. நான் ஏதோ தொற்றுநோய் முடிந்து வந்தவள் என்ற அளவில்தான் அது போய்ச் சேர்ந்தது. ஆரன் ஓர் அடி பின்னால் போனான்.

அவர்கள் விளக்க, நான் விளக்க, கடைசியில் விஷயம் வெளித்தது. பெசாக் எட்டு நாளும் வீட்டில் புளிக்கக்கூடிய மா ஒரு துகள்கூட இருக்கக்கூடாது. கிழமைக்கணக்கில் அலுமாரி, சோபா, காரின் சீற் எல்லாம் கழற்றிக் கழுவி, அன்று காலைதான் கடைசிப் பாண்துண்டைக் கொல்லைப் புறத்தில் தகரத்துக்குள் போட்டு எரித்திருக்கிறார்கள். காலையில் எனக்கு மணந்தது அதுதான். அந்த வாசலுக்குத்தான் நான் தட்டம் நிறைய மாவோடு போய் நின்றேன்.

"வீட்டுக்குள்ளதான் ஏலாது," என்றான் ஆரன் சிப்பியைப் பார்த்தபடி. "வெளியில நிண்டு தின்னலாம். நேரம் இருக்கு."

சித்திரைக் குளிரில் மூன்று பேரும் முன்படியில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்று சிப்பி தின்றோம். ஆரன் முறுக்கையும் விடவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் நயோமி அவன் நெஞ்சைத் தட்டித் துகள் உதறினாள்.

"உங்கட ஆக்கள் செத்தவீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவாறது நல்லதுதான்," என்றாள். "எங்கட ஆக்களும் கொண்டு வருவினம். எங்களுக்கும் தாய் தகப்பனுக்கு ஒரு வருசம்தான். பாட்டு இல்லை, கலியாணவீடு இல்லை. ஆனா பெசாக் வந்தா விருந்து மேசை போடத்தான் வேணும். ஆர் செத்தாலும். பெசாக் துக்கத்தில கிடக்கிற ஆளையும் எழுப்பி மேசையில இருத்திப்போடும்."

"அப்ப நீங்கள் எல்லாம் செய்தாச்சோ?"

"எல்லாம் ஆச்சு. ஹரோசெத் மட்டும் கிடக்கு." கையிலிருந்த சிப்பியைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "அது அம்மாவின்ர வேலை. காலமையில இருந்து அந்தப் பழத்தை எடுக்கிறன், வைக்கிறன், எடுக்கிறன், வைக்கிறன்."

"நான் வரட்டோ?" என்று கேட்டுவிட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. வருசம் திரும்பும்வரை பண்டிகைப் பலகாரத்தில் கை வைக்கப்படாது, பிள்ளை.

"கையைக் கழுவிப்போட்டு வா," என்றாள் நயோமி. "உடுப்பையும் மாத்து."

கீழே இறங்கி உடுப்பு மாற்றுகிற வரைக்கும் போவதா விடுவதா என்று யோசித்தேன். மேலே போனேன்.

5

அந்தக் குசினியில் எனக்கு அந்நியம் தெரியவில்லை. மேடையெல்லாம் வெள்ளித்தாள் ஒட்டி, வருடம் முழுக்கப் பரணில் கிடந்த தனிப் பாத்திரங்களை இறக்கி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. கந்தசஷ்டிக்கு இன்னும் வேறு. இதைச் சொன்னதும் நயோமி, "அப்ப உனக்கு விளங்கும். ஆரனுக்குத்தான் ஒவ்வொரு வருசமும் திருப்பிச் சொல்லவேணும்" என்றாள்.

சரி, செய்முறை.

பேரீச்சம்பழம், நல்ல சதைப்பிடிப்பானது. கொட்டை எடுத்து, கொதிதண்ணீர் விட்டுக் கொஞ்சம் ஊறவிட வேண்டும். வால்நட் பருப்பை வறுத்துப் பொடிக்க வேண்டும். ஒரு பிடி முந்திரிவற்றல், காய்ந்த திராட்சைதான். கறுவாத்தூள். இனிப்பான சிவப்பு வைன் சிறிது. எல்லாம் சேர்த்து அரைத்து உருட்டுவது மொரோக்கோ முறை. ஆரன் வீட்டு ஆட்கள் போலந்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் அப்பிளைத் துருவிப் போட்டுக் கரண்டியால் அள்ளுகிற மாதிரிச் செய்வார்கள்.

"அதுதான் உண்மையான சாந்து," என்றான் ஆரன் எட்டிப் பார்த்து. "உருண்டையை வைச்சு எப்பிடிக் கல்லுக் கட்டுறது?"

"உன்ர தண்ணிச் சாந்தில கட்டின சுவர்தான் இடிஞ்சு விழுந்தது. அதுதான் உங்கட ஆக்கள் போலந்தில இருந்து ஓடிவந்தவை."

"கேட்டியோ தர்ஷி? கலியாணம் கட்டின நாளில இருந்து இப்பிடித்தான்."

நயோமிக்கு அளவு தெரியவில்லை. அவள் அம்மா கையளவில் போடுவாராம். உருட்டும்போது யாரையும் தொட விடமாட்டாராம். பார்த்ததோடு சரி. நாங்கள் இரண்டு பேரும் குருட்டு அளவில் வைனை விட்டோம். கூடிவிட்டது. அரைத்து எடுத்தால் உருட்ட வரவில்லை, கையோடு இழுபட்டது. இந்த இடத்தில் எனக்கு எதுவும் யோசிக்கத் தேவைப்படவில்லை. பயத்தம் உருண்டை இளகிப்போனால் என்ன செய்வோம்?

"ஒரு கரண்டி மா போட்டாப் பிடிபடும்," என்றேன்.

இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

மாவுக்குப் பதிலாக இன்னும் வால்நட்டைப் பொடித்துத் தூவினோம். பிசைந்தேன். பிடிபட்டது. கையை நனைத்து உருட்டத் தொடங்கினேன். என் உருண்டைகள் வீட்டுப் பயத்தம் உருண்டை அளவிலேயே வந்தன. நயோமியுடையவை ஒலிவங்காய் அளவு.

"உது என்ன, பேஸ்போல் பந்தோ?"

"எங்கட அம்மாவின்ர அளவு உதுதான்."

"எங்கட அம்மாவின்ர அளவு இது," என்று தன்னுடைய சின்ன உருண்டையைத் தூக்கிக் காட்டினாள். காட்டியபடியே நின்றாள். முகம் கோணியது. இரண்டு கையும் பழக்கூழ். கண்ணைத் துடைக்க முடியவில்லை. என் கையும் அதே நிலைமை. நான் என் முழங்கைச் சட்டையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டேன். ஆரன் குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு கழுவிய கரண்டியையே திரும்பவும் கழுவினான்.

மேடையில் மிச்சமிருந்த கலவை மண்ணிறமாகப் பளபளத்தது. சாந்துதான். போர் முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டுக்குக் கூரை இல்லை, ஒரு பக்கச் சுவரும் இல்லை. மேசன் வராத நாட்களில் அப்பாவே மண்வெட்டியால் கலவை குழைத்தார். அவர் தபால் கந்தோரில் வேலை செய்தவர். கலவை ஒன்றில் தண்ணீராக ஓடும், இல்லாவிட்டால் கல்லாகும். அம்மா செங்கல் குவியலில் இருந்துகொண்டு, "ஒண்டுக்கு ஆறு எண்டு விகிதம் சொன்னனான், உங்களுக்குப் பின்னம் வராது" என்று சொல்லிச் சிரிப்பார். தேத்தண்ணி நேரம் அப்பா பனங்கட்டியை உடைத்துப் பெரிய துண்டை அம்மாவிடம் நீட்டுவார். அம்மா தன்னுடையதைத் தின்று முடித்துவிட்டு அவருடைய கையையும் பார்ப்பார். அப்பா அதையும் கொடுத்துவிட்டு வெறும் தேத்தண்ணி குடிப்பார். அந்தச் சுவர் இன்னும் கொஞ்சம் வளைவாகத்தான் நிற்கிறது.

"என்ர அம்மா சாப்பிடுறா இல்லை நயோமி," என்றேன். யாரிடமும் சொல்லாததை உருட்டிக்கொண்டே சொன்னேன்.

"ஆர் சமைக்கினம்?"

"அவவேதான்."

"ஆருக்கு?"

அடுத்த உருண்டையை எடுத்தேன்.

6

மறுநாள் இரவு அவர்கள் மேசையில் எனக்கும் ஓர் இடம் போட்டார்கள். போகாமல் இருக்கச் சாட்டுத் தேடினேன், நயோமி விடவில்லை. ஆரன் எகிப்துக் கதையை வாசித்தான். சாப்பாடு இருக்கிறது, வாசிப்பு முடியவில்லை. விரத நாளில் பூசை முடியும்வரை காத்திருக்கிற அதே பசி. முதலில் கசப்பான ஒரு கிழங்குத் துருவல் தந்தார்கள். மூக்கில் ஏறிக் கண் கலங்கும். அதை ஹரோசெத்தில் தொட்டுத்தான் தின்ன வேண்டும். மேசையில் எல்லோருக்கும் கண்ணீர் வந்தது. யாருடைய கண்ணீர் கிழங்கால், யாருடையது வேறெதனால் என்று ஒருவரும் ஆராயவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

வாசிப்பின் தொடக்கத்திலேயே பசித்தவர்களையெல்லாம் சாப்பிட வரும்படி அழைக்கிற வாசகம் வந்திருந்தது. அதை வாசிக்கும்போது கதவு பூட்டித்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக் குசினியில் நின்றபடி பாண் பிய்த்துத் தின்கிற ஆள் தெரிந்தார்.

7

திங்கட்கிழமை. இங்கே காலை, ஊரில் வருடப்பிறப்பன்று பின்னேரம். வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டே அம்மாவை வீடியோவில் எடுத்தேன். எடுத்ததுமே கேட்டேன், "பலகாரம் சாப்பிட்டீங்களோ?"

"என்ன பலகாரம்?"

"சுட மாட்டீங்கள் எண்டு தெரியும். கொண்டு வந்து தந்திருப்பினமே."

அம்மா சிரித்தார். "ஆர் பிள்ளை கொண்டு வாறது? சாந்தி அஜக்ஸில. முன் வீட்டுக்காரர் பாரிசில. மூலை வீட்டில வாடகைக்கு இருக்கிற பெடியங்கள் லீவுக்கு வவுனியா போட்டாங்கள். ஒழுங்கையில வருசம் எண்டு ஒரு வெடிச்சத்தம் இல்லை."

சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். எனக்கு ஒரு கல்யாணவீட்டுக்குக் காணும் அளவு பலகாரம் வந்தது. கொண்டுவந்த அயல் அம்மாவுடையது. வழக்கத்தை விடாமல் காப்பாற்றத்தான் காப்பாற்றினோம். ஆனால் அது ஆட்களோடு சேர்ந்து விமானம் ஏறிவிட்டது. துக்கம் காக்கிறவள் சுடக்கூடாது என்ற பாதி ஊரில் நின்றுவிட்டது. கொண்டுபோய்க் கொடுக்கிற மற்றப் பாதி அஜக்ஸில் இருக்கிறது.

"நீ என்ன சாப்பிட்டனி?" என்று கேட்டார்.

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். வரவில்லை. "அம்மா, நான் ஒரு பண்டிகை வீட்டுக்குப் போனனான். பலகாரத்தில கையும் வைச்சனான்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் மறித்தது, படியில் நின்று தின்றது, மா போடு என்று சொல்லிப் பேச்சு வாங்கியது. அம்மா குறுக்கிடவில்லை. கோபத்தில் இருக்கிறாரோ என்று பயந்து, தேவையில்லாமல் இன்னும் வேகமாகக் கதைத்தேன்.

"அதுக்குள்ள என்ன போட்டது?"

"பேரீச்சம்பழம். வால்நட். முந்திரிவற்றல். கறுவா. கொஞ்சம் வைன்."

"வைனோ?"

"கொஞ்சம்தான் அம்மா."

"ம்." பிறகு வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற குரல் வந்தது. "துக்க வருசத்தில எங்கட பண்டிகைப் பலகாரம் சுடப்படாது. சரியோ?"

"சரி."

"உது எங்கட பண்டிகை இல்லை."

"இல்லை."

"சுடுறதுமில்லை. அரைச்சு உருட்டுறது."

"ஓம்."

"அப்ப உது அதுக்குள்ள அடங்காது."

பாதியில் விட்ட சப்பாத்துக் கயிற்றைக் கட்டி முடித்தேன்.

"ரம்ழான் நோன்புக்குச் சந்திக் கடை நானா தந்த பேரீச்சம்பழம் பெட்டியோட கிடக்கு," என்றார். "மரியாதைக்கு வாங்கி வைச்சனான். திறக்கேல்லை. வால்நட்டுக்கு எங்க போறது, கச்சான் கடலை போடுவம். வைன் எனக்கு வேண்டாம்."

"கொதிதண்ணி விட்டாக் காணும் அம்மா. கூட விடாதேங்கோ, பிறகு பிடிபடாது."

"எனக்குச் சொல்லித் தாறியோ?"

போனை எதிலோ சாய்த்து வைத்தார். சட்டிச் சத்தம் கேட்டது. கச்சான் வறுபட்டது. நான் கதவைப் பூட்டி, வீதியில் நடந்து, பஸ் தரிப்பில் வந்து நின்றேன், தொடர்பை வெட்டவில்லை. அரைக்கிற சத்தம். அம்மா தனக்குள் ஏதோ முணுமுணுத்தார். கடிகாரம் இடைஞ்சல் என்று கழற்றி வைத்தார். பிறகு உள்ளங்கையில் ஓர் உருண்டை உருண்டது. பெரியது, எங்கள் அளவு.

அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அப்பாவின் படத்தடிக்கு என்று எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது. அவ்வளவுதானா? அவருக்குப் படைத்துவிட்டு முடிந்துவிடுமா? கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்டால், ஓம் ஓம் என்பார்.

அம்மா உட்கார்ந்தார். நிற்கவில்லை, கதிரையை இழுத்து உட்கார்ந்தார். இரண்டாவது உருண்டையை உருட்டினார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயில் போட்டார்.

"ஏலக்காய் போட்டிருக்கவேணும்," என்றார் வாய் நிறைய. "உந்த ஆக்களுக்கு ஏலக்காய் தெரியாதோ? கேட்டுப்பார்." அதோடு கை அடுத்ததை உருட்டத் தொடங்கியிருந்தது.

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. சாரதி என்னைப் பார்த்துக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார். நான் திரையைப் பார்ப்பதை விட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அம்மா மெல்லுகிற சத்தத்தைக் கேட்டபடி நின்றேன்.